காலியாகக் கிடக்கும் ரேம் யாருக்கு லாபம்?

லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பலரிடம் ஒரு பழக்கம் தொற்றுநோய் மாதிரி பரவிக் கிடக்கிறது. சர்வருக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ‘ஃப்ரீ’ என்ற கட்டளையைத் தட்டுவார்கள். 16 ஜிபி ரேம் உள்ள மெஷினில், ‘ஃப்ரீ’ என்ற தலைப்புக்குக் கீழே 300 எம்பி என்று வந்து நிற்கும். அவ்வளவுதான், வயிற்றைக் கலக்கிவிடும். "ஐயோ, மெமரி தீர்ந்து போச்சே!" உடனே கூகுளில் தேடுவார்கள். எவரோ எப்போதோ எழுதி வைத்த ஒரு ஒற்றை வரி கிடைக்கும். முதலில் ‘சிங்க்’, அதற்கடுத்து ‘ட்ராப் கேச்சஸ்’ கோப்பில் 3 என்ற எண்ணை எழுதுவது. அதை அப்படியே எடுத்து மணிக்கு ஒருமுறை ஓடும்படி க்ரானில் போட்டுவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

மறுபடி ‘ஃப்ரீ’ தட்டினால் 10 ஜிபி காலி! என்ன ஒரு திருப்தி!

இதற்குப் பெயர் பராமரிப்பு இல்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை மணிக்கொருமுறை வேண்டுமென்றே நொண்ட வைப்பது. இதைச் செய்பவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார் என்பதுதான் கூடுதல் வேடிக்கை.

அந்த 10 ஜிபியில் என்ன இருந்தது? ஒரு நிரல் வன்தட்டிலிருந்து கோப்பைப் படிக்கும்போது, கெர்னல் அதை 4 கேபி அளவுள்ள பக்கங்களாக ரேமுக்குக் கொண்டுவருகிறது. நிரல் படித்து முடித்த பிறகும் அந்தப் பக்கங்களைத் தூக்கி எறிவதில்லை. யாராவது மறுபடி கேட்பார்கள் என்று அங்கேயே விட்டு வைக்கிறது. இதுதான் பேஜ் கேஷ். (தமிழில் எழுதினால் கையிலிருக்கும் ரொக்கத்துக்கும் இதுவே எழுத்து. பொருத்தம்தான்!) ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகும். எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க அதைப்போல ஆயிரம் மடங்கு. சுழலும் பழைய வன்தட்டு என்றால் ஏறத்தாழ 10 மில்லி நொடி, அதாவது லட்சம் மடங்கு. இந்த வித்தியாசத்தை மறைப்பதற்காகத்தான் கெர்னல் காலியான ரேமை எல்லாம் கேஷாக நிரப்பி வைக்கிறது.

அஞ்சறைப் பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பது எதற்கு? கை நீட்டினால் கடுகு கிடைக்க வேண்டும் என்பதற்கு. மணிக்கொருமுறை யாரோ வந்து, "பெட்டி நிறைந்துவிட்டது" என்று சொல்லி, கடுகையும் மஞ்சளையும் பரணில் இருக்கும் டப்பாக்களில் கொட்டிவிட்டுப் போனால் அந்த வீட்டில் சமையல் எப்படி நடக்கும்? பெட்டி மட்டும் பளிச்சென்று காலியாக இருக்கும். தாளிக்கிறவர் ஏணி வைத்து ஏற வேண்டியதுதான்.

"ஆனால் வேறொரு நிரல் மெமரி கேட்டால் எங்கே போவது?" என்ற கேள்வி உடனே வரும். எங்கும் போக வேண்டாம். வன்தட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றின் நகல்தான் கேஷில் இருக்கும் பக்கம். அது மாறாமல் இருந்தால் கெர்னல் அதை எழுதி வைக்கக்கூடத் தேவையில்லை, நொடிக்கும் குறைவான நேரத்தில் விட்டுவிட்டு அந்த இடத்தைக் கேட்டவருக்குக் கொடுத்துவிடும். அதிலும் கண்ணை மூடிக்கொண்டு எதையோ விடுவதில்லை. அடிக்கடி தொடப்படும் பக்கங்கள் ஒரு பட்டியலிலும், நாளாகத் தொடாத பக்கங்கள் இன்னொரு பட்டியலிலும் இருக்கும். பின்னதிலிருந்துதான் வெளியேற்றம் நடக்கும். க்ரானில் ஓடும் அந்த ஒற்றை வரிக்கு இந்த விவேகம் கிடையாது. சூடான பக்கம், ஆறிய பக்கம் எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

‘ட்ராப் கேச்சஸ்’ 2006-ல் வெளியான 2.6.16 கெர்னலில் வந்தது. 1 எழுதினால் பேஜ் கேஷ் போகும். 2 எழுதினால் கோப்புப் பெயர்களையும் ஐநோடுகளையும் வைத்திருக்கும் கேஷ் போகும். 3 எழுதினால் இரண்டும் போகும். கேஷின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் கருவி இது அல்ல, சோதனைக்கும் பிழை தேடுவதற்கும் வெளியே இதைப் பயன்படுத்துவது பரிந்துரைக்கப்படவில்லை என்று கெர்னலின் சொந்த ஆவணமே சொல்கிறது. செய்தவர்களே வேண்டாம் என்கிறார்கள், ஆனால் எடுத்துப் போடுகிறவர்கள் நிறுத்துவதில்லை. கூடவே வரும் அந்த ‘சிங்க்’ இன்னொரு கொடுமை. இன்னும் வன்தட்டில் எழுதப்படாத பக்கங்களை ட்ராப் கேச்சஸால் தொட முடியாது, ஆகவே அவற்றை எல்லாம் ஒரே மூச்சில் எழுத வைக்கிறார்கள். கெர்னல் சிறுகச் சிறுக எழுதியிருக்க வேண்டியது ஒரே நேரத்தில் வன்தட்டின் தலையில் இறங்குகிறது.

இதில் அதிகம் அடிபடுவது போஸ்ட்கிரெஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். போஸ்ட்கிரெஸ் தனக்கென வைத்துக்கொள்ளும் ‘ஷேர்டு பஃபர்ஸ்’ இயல்பாக 128 எம்பிதான். தனி சர்வராக இருந்தால் மொத்த ரேமில் 25 சதவீதம் கொடுத்துத் தொடங்குங்கள் என்று அதன் ஆவணம் சொல்கிறது. மீதி 75 சதவீதம்? அதற்குக் காரணமும் அங்கேயே இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் இயங்குதளத்தின் கேஷையும் நம்பித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதோடு ‘எஃபெக்டிவ் கேஷ் சைஸ்’ என்று ஒரு அமைப்பு உண்டு. அது ஒரு பைட் நினைவகத்தைக்கூட ஒதுக்காது. "இயங்குதளத்தின் கேஷையும் சேர்த்து இவ்வளவு இருக்கும் என்று வைத்துக்கொள்" என்று வினவல் திட்டமிடும் பகுதிக்குச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அந்த எண் பெரிதாக இருந்தால், இண்டெக்ஸ் வழியாகத் தாவித் தாவிப் படிப்பது மலிவு என்று திட்டமிடும் பகுதி முடிவெடுக்கும்.

இப்போது க்ரான் ஓடுகிறது. கேஷ் துடைக்கப்படுகிறது. திட்டமிடும் பகுதிக்கு இது தெரியாது. கேஷ் இருக்கிறது என்று நம்பி இண்டெக்ஸ் வழியையே தேர்ந்தெடுக்கிறது. ஒவ்வொரு தாவலும் நேரே வன்தட்டுக்குப் போகிறது. 20 மில்லி நொடியில் முடிந்துகொண்டிருந்த வினவல் இரண்டு, மூன்று நொடிகள் இழுக்கிறது. வலை சர்வரில் இணைப்புகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ப்ராசஸ், ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம். ஆக, நினைவகத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட கட்டளை நினைவகத்தைக் கூடுதலாகச் சாப்பிட வைக்கிறது! பத்து நிமிடத்தில் கேஷ் மறுபடி சூடாகி எல்லாம் சரியாகிவிடும். "சர்வர் மணிக்கொருமுறை ஏன் திணறுகிறது?" என்று ஒரு கூட்டம் போட்டு நெட்வொர்க்கைத் திட்டுவார்கள். கடைசியில் இன்னும் 16 ஜிபி ரேம் வாங்க பர்ச்சேஸ் ஆர்டர் போகும். புது ரேமும் ஒரு வாரத்தில் கேஷால் நிறைந்து, மறுபடி ‘ஃப்ரீ’ 300 எம்பி காட்டும்.

இந்த மனநிலை எங்கிருந்து வந்தது? விண்டோஸ் 98 காலத்தில் ‘ரேம் பூஸ்டர்’ என்று சின்னச் சின்ன மென்பொருள்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பொத்தானை அழுத்தினால் பச்சைக் கோடு ஏறும், காலி ரேம் கூடும். உள்ளே அவற்றில் பல செய்த வேலை என்ன தெரியுமா? தானே பெரிய அளவு நினைவகத்தைக் கேட்டு, மற்ற நிரல்களை வன்தட்டுக்குத் துரத்திவிட்டு, பிறகு வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது. அதே ரகம் இன்று ‘க்ளீனர்’ என்ற பெயரில் செல்போனில் உட்கார்ந்திருக்கிறது. காலி என்றால் நல்லது, நிறைந்தால் ஆபத்து என்ற எண்ணம் அங்கே ஊறியது. சர்வருக்கு வரும்போதும் அதைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள்.

பழியை முழுக்க நிர்வாகிகள் மேல் போடுவதும் நியாயமில்லை. ‘ஃப்ரீ’ கட்டளையின் பழைய வெளியீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் வரியில் கேஷையும் சேர்த்து ‘யூஸ்டு’ என்று ஒரு பூதாகரமான எண். இரண்டாவது வரியில் கழித்தல் குறி, கூட்டல் குறி, ‘பஃபர்ஸ், கேஷ்’ என்று ஏதோ கணிதத் தேர்வு வினாத்தாள் போல ஒன்று. உண்மையில் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது வரியைத்தான். ஆனால் அதை யார் பார்ப்பார்? 2014-ல்தான் இதற்கு விடிவு வந்தது. அந்த ஆண்டு வந்த 3.14 கெர்னல் ‘மெம்இன்ஃபோ’ கோப்பில் ‘மெம்அவைலபிள்’ என்ற எண்ணைச் சேர்த்தது. அதே ஆண்டில் ப்ராக்பிஎஸ்-என்ஜி 3.3.10 அந்தக் குழப்பமான வரியைத் தூக்கிவிட்டு ‘அவைலபிள்’ என்ற தலைப்பைக் கொண்டுவந்தது. பத்தாண்டுக்கு மேல் ஆகியும், கண் இன்னும் ‘ஃப்ரீ’ என்ற தலைப்பிலேயே போய் நிற்கிறது. கட்டளையின் பெயரே அதுவாகிவிட்டதால் வந்த வினை! நிறைந்த சதவீதத்தைக் கணக்கிடும்போது கேஷையும் சேர்த்து, 95 சதவீதம் என்று நள்ளிரவில் எஸ்எம்எஸ் அனுப்பும்படி அமைக்கப்பட்ட கண்காணிப்புகள் இன்னும் உண்டு. தினமும் பொய்யாக அலறும் மணியை ஒரு நாள் கழற்றி வைத்துவிடுவார்கள். நிஜமாகத் தீப்பிடிக்கும் அன்று மணி இருக்காது.

எதிர்க்கோஷ்டி ஒன்றும் இருக்கிறது. "கேஷ் எல்லாம் காலி மெமரிதான், ஃப்ரீயையும் கேஷையும் கூட்டிக்கொள், கவலைப்படாதே" என்று அடித்துச் சொல்பவர்கள். இவர்களும் பாதிக் கிணறு தாண்டியவர்கள்தான். கேஷ் என்று காட்டப்படும் எண்ணில் டெம்ப்எஃப்எஸ்ஸும் பகிர்வு நினைவகமும் சேர்ந்திருக்கும். ‘டெவ்’ கோப்பகத்துக்குள் இருக்கும் ‘எஸ்ஹெச்எம்’ பகுதியில் யாராவது 6 ஜிபி கோப்புகளைக் கொட்டி வைத்தால், அதுவும் கேஷ் கணக்கில்தான் வரும். அதற்கு வன்தட்டில் நகல் கிடையாது, எனவே விட்டுவிட முடியாது. ஸ்வாப் இருந்தால் அங்கே தள்ளலாம், இல்லையென்றால் அசையாது. போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபர்ஸும் இதே கணக்குதான். மெம்அவைலபிளைச் சேர்த்த ரிக் வான் ரீல் தன் குறிப்பில் சொன்ன காரணமும் இதுதான்: ஃப்ரீயையும் கேஷையும் கூட்டிப் பார்ப்பது ஒரு காலத்தில் சரியாக இருந்தது, இப்போது அது தவறான விடையே தரும். அதனால்தான் கெர்னல் தானே கணக்குப் போடுகிறது. தனக்கென வைத்திருக்கும் இருப்பைக் கழிக்கிறது, ஓடும் வேலைக்குத் தேவைப்படும் ஒரு பங்கு கேஷை விட்டு வைக்கிறது, கெர்னலின் ஸ்லாபில் திரும்பப் பெறக்கூடியதைச் சேர்க்கிறது. வருவது ஒரு மதிப்பீடுதான். ஆனாலும் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு மனிதர் போடும் கணக்கைவிட எவ்வளவோ மேல்.

அடுத்த கூத்து ‘டாப்’ கட்டளையில். அப்பாச்சியின் 50 ப்ராசஸ்கள், ஒவ்வொன்றுக்கும் ‘ரெஸ்’ என்ற தலைப்பில் 60 எம்பி. பெருக்கினால் 3,000 எம்பி. "அப்பாச்சி 3 ஜிபி தின்கிறது" என்று அறிக்கை போகும். அந்த 60-ல் 40 எம்பி எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் நூலகங்களும் நிரல் பகுதியும் என்றால், அது ரேமில் இருப்பது ஒரே ஒரு முறைதான். உண்மைக் கணக்கு 50 பெருக்கல் 20, கூட்டல் 40. ஆக 1,040 எம்பி. ஒரே வீட்டில் ஆறு பேர் இருந்தால், ஆளுக்கொரு வீடு என்று ஆறு வீட்டுக்கு வரி போடுவது மாதிரி இருக்கிறது இந்தப் பெருக்கல். பகிர்ந்ததை ஆள் எண்ணிக்கையால் வகுத்துக் காட்டும் ‘பிஎஸ்எஸ்’ என்ற அளவு ‘ஸ்மேப்ஸ்’ கோப்பில் இருக்கவே இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கத்தான் ஆளில்லை. ‘விர்ட்’ என்ற தலைப்பைப் பார்த்து அலறுபவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது கேட்டு வைத்த முகவரிகளின் அளவு, பயன்படுத்திய ரேம் இல்லை.

ஸ்வாப் விஷயத்திலும் இதே அவசரம். 500 எம்பி ஸ்வாப் போயிருக்கிறது என்றதும் ‘ஸ்வாப்ஆஃப்’ போட்டுவிடுவார்கள். சர்வர் கிளம்பும்போது ஒருமுறை ஓடி, பிறகு மாதக்கணக்கில் யாரும் தொடாத நினைவகப் பக்கங்கள் அங்கே போய்ப் படுத்திருக்கலாம். படுத்திருப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்? பார்க்க வேண்டியது போய்வரும் போக்குவரத்தை. ‘விஎம்ஸ்டாட் 1’ என்று போட்டால் ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ என்று இரண்டு எண்கள் நொடிக்கு நொடி வரும். அவை பூஜ்யமாக இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. விடாமல் ஆயிரக்கணக்கில் ஓடினால்தான் ரேம் பற்றவில்லை என்று அர்த்தம். ஸ்வாப்பை முழுக்க அணைத்துவிட்டால் நிரல்களின் தரவுப் பக்கங்களை எங்கும் தள்ள முடியாது. நெருக்கடியில் கெர்னலுக்கு மிஞ்சுவது கோப்புப் பக்கங்கள்தான், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் குறியீடு உட்பட. அதை விடுவதும், உடனே வன்தட்டிலிருந்து மறுபடி படிப்பதுமாக மெஷின் உறைந்து போகும். ஸ்வாப் இல்லாமலேயே ஸ்வாப்பின் எல்லாக் கஷ்டமும்!

சரி, உண்மையிலேயே நினைவகம் தீர்ந்து போவதே இல்லையா? போகிறது. அங்கேதான் இந்த க்ரான் பக்தர்கள் கையை விரிக்கிறார்கள்.

நிரல் கேட்கும் நினைவகத்தை லினக்ஸ் உடனே கொடுப்பதில்லை. "சரி, இருக்கிறது" என்று வாக்கு மட்டும் கொடுக்கும். தொட்டுப் பார்க்கும்போதுதான் பக்கம் வரும். கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை வைத்துவிட்டு, பந்தியில் 200 இலை மட்டும் போடுவது மாதிரி. எல்லோரும் ஒரே பந்திக்கு வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை. பெரும்பாலும் அது பலிக்கவும் செய்யும். 10 ஜிபி தரவோடு ஓடும் ரெடிஸ், வன்தட்டில் சேமிப்பதற்காகத் தன்னையே நகலெடுக்கும்போது காகிதத்தில் 20 ஜிபி ஆகிறது. நடைமுறையில் மாறிய பக்கங்கள் மட்டுமே நகலாவதால் சமாளித்துவிடுகிறது. ஆனால் ஒரு நாள் எல்லோரும் ஒன்றாக வந்து உட்கார்ந்தால்? ஓஓஎம் கில்லர் வரும். பொதுவாக அதிக நினைவகம் வைத்திருக்கும் ப்ராசஸைத்தான் அது கொல்லும். பல சர்வர்களில் அது தரவுத்தளம்தான். தவறு செய்தது ஏதோ ஒரு பிஹெச்பி நிரலாக இருக்கலாம், செத்தது மைஎஸ்க்யூஎல்.

மைஎஸ்க்யூஎல் செத்ததும் செய்யப்படும் முதல் ‘சிகிச்சை’ மறுபடியும் அந்த ட்ராப் கேச்சஸ் க்ரான்! ஓஓஎம் கில்லரைக் கூப்பிடுவதற்கு முன்பே, விட முடிந்த கேஷை எல்லாம் கெர்னல் விட்டுப் பார்த்திருக்கும். அதன் பிறகும் இடம் கிடைக்காமல்தான் கத்தியை எடுக்கிறது. ஏற்கெனவே துடைத்தாகிவிட்ட பாத்திரத்தை மறுபடி துடைத்து என்ன கிடைக்கும்? கசிவு இருப்பது நிரல்களின் சொந்தத் தரவில், மெம்இன்ஃபோவில் ‘அனான்பேஜஸ்’ என்று வரும் எண்ணில். அல்லது கெர்னலின் ‘எஸ்அன்ரீக்ளெய்ம்’ எண்ணில். இந்த இரண்டையும் ட்ராப் கேச்சஸால் ஒரு சுற்றுக்கூடக் குறைக்க முடியாது. அவைலபிள் எண் திங்கள் 9 ஜிபி, புதன் 7, வெள்ளி 4 என்று இறங்கிக்கொண்டே வந்தால் கசிவு என்று பொருள். அதைக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஒரு வரைபடம் வேண்டும். மணிக்கொருமுறை கேஷைத் துடைத்து, இரவுக்கு ஒருமுறை சேவைகளை மறுதொடக்கம் செய்து கொண்டிருந்தால் அந்த வரைபடம் ஒருநாளும் கிடைக்காது. நோயையும் தீர்க்காமல் அறிகுறியையும் அழித்துவிடும் மருத்துவம்.

ட்ராப் கேச்சஸுக்கு நியாயமான இடமே இல்லை என்று சொல்ல முடியாது. வன்தட்டின் வேகத்தை அளக்கும்போது கேஷ் குறுக்கே வரக்கூடாது, அங்கே அது சரியான கருவி. பெரிய பக்கங்களை ஒதுக்குவதற்கு முன் இடத்தை ஒழுங்குபடுத்தவும் சிலர் பயன்படுத்துவார்கள். கோடிக்கணக்கான சிறு கோப்புகளைக் கையாளும் சர்வரில் கோப்புப் பெயர்க் கேஷ் ஊதிப்போவதும் உண்மையே. ஆனால் அதற்கு ‘விஎஃப்எஸ் கேஷ் ப்ரஷர்’ என்ற தனித் திருகு இருக்கிறது. இயல்பு மதிப்பு 100, கூட்டினால் கெர்னல் அந்தக் கேஷை முந்தி விடும். கெர்னல் முடிவெடுக்க விட்டுவிட்டுச் சாய்வை மட்டும் மாற்றும் வழி அது. "க்ரான் போட்ட பிறகு சைட் வேகமாச்சு" என்று சத்தியம் செய்பவர்கள், க்ரானை எடுத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டி அளந்து பார்த்தார்களா என்று கேட்டால் பதில் வருவதில்லை.

ரேம் போதுகிறதா என்ற கேள்விக்கு நேரான பதில் இப்போது கெர்னலிலேயே இருக்கிறது. 2018 டிசம்பரில் வந்த 4.20 கெர்னல் ‘பிஎஸ்ஐ’ என்ற அளவைக் கொண்டுவந்தது. ‘ப்ராக்’ கோப்பகத்தில் ‘ப்ரஷர்’ என்பதன் கீழே ‘மெமரி’ என்று ஒரு கோப்பு. நினைவகத்துக்காகக் காத்திருந்ததில் எத்தனை சதவீத நேரம் வீணானது என்று கடைசி 10, 60, 300 நொடிகளுக்கு எண்கள் தரும். எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அது சொல்வதில்லை, யாராவது அவதிப்படுகிறார்களா என்று சொல்கிறது. கேஷ் 10 ஜிபி இருந்து இந்த எண் பூஜ்யம் என்றால், அந்த சர்வரின் நினைவகத்துக்கு ஒரு குறையும் இல்லை. சில டிஸ்ட்ரோக்களில் இதை பூட் சமயத்தில் இயக்கிவிட வேண்டியிருக்கும், அவ்வளவே.

கன்டெய்னர்களுக்குள் போய் ‘ஃப்ரீ’ தட்டுபவர்கள் இன்னொரு அடி பின்னால் இருக்கிறார்கள். அங்கே பொதுவாகத் தெரிவது வெளியே இருக்கும் முழு மெஷினின் ரேம். கன்டெய்னருக்கு 512 எம்பி எல்லை போட்டிருந்தாலும் உள்ளே 64 ஜிபி என்றுதான் காட்டும். பழைய ஜாவா இதை நம்பி ஹீப்பைப் பெரிதாக்கி, ஓஓஎம் கில்லரிடம் மாட்டிக்கொண்ட கதை பிரசித்தம். 2018-ல் ஜாவா 10 வந்த பிறகுதான் அது இயல்பாகவே எல்லையைப் பார்க்கக் கற்றுக்கொண்டது. அங்கே பார்க்க வேண்டியது சிக்ரூப்பின் கணக்கை. அதிலும் கேஷ் சேர்ந்தே வரும் என்பதால், அந்த எண் எல்லையைத் தொடுவதை மட்டும் பார்த்துவிட்டு அலறக்கூடாது.

புதிதாக ஒரு சர்வரைப் பொறுப்பேற்பவர் முதல் நாளே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. ‘டிமெசெக்’ தட்டி, அதில் ‘ட்ராப் கேச்சஸ்: 3’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுவது. யாராவது அந்தக் கோப்பில் எழுதினால், எழுதிய ப்ராசஸின் பெயரையும் எண்ணையும் சேர்த்து கெர்னல் அங்கே குறித்து வைக்கும். சரியாக மணிக்கு ஒன்று என்று வரி வரியாக நின்றால், க்ரான்டேப்பைத் திறந்து அந்த வரியை நீக்கிவிட்டு, அடுத்த நாள் காலை வினவல்களின் நேரத்தை முந்தைய நாளோடு வைத்துப் பார்க்கலாம்.